தணலில் ஒரு பயற்றுச் சட்டி

அருப்புக்கோட்டையின் தறி ஓசையையும் மல்லிகை மணத்தையும் பின்னே விட்டுவிட்டு, பேருந்து எம்.ரெட்டியபட்டி நோக்கிச் சென்றது. தவக்காலத்தின் இரண்டாம் வாரம் அது. மாசி மாதமே ஆயினும், காலை ஒன்பது மணிக்கே வெயில் சன்னல் கம்பியைச் சுட்டது. என் மார்பில் நற்கருணைச் சிமிழ் இருந்தது. நெஞ்சிலோ சில நாட்களாக இறங்காத ஒரு பாரம் இருந்தது. முதுமையால் கோயிலுக்கு வர இயலாத மூதாட்டி ஒருவருக்கு, அப்பகுதிப் பங்குத்தந்தையின் இசைவோடு, நற்கருணை வழங்கச் சென்றுகொண்டிருந்தேன். ஆனால் அது மட்டுமே என் பயணத்தின் நோக்கமன்று. அவரிடம் நான் மன்னிப்பும் கேட்க வேண்டியிருந்தது.

1985-ம் ஆண்டுவரை பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்து, பின்னர் விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட மாவட்டத்தில் சேர்ந்தது இந்தச் சீமை. ரமண மகரிஷி 1879-ம் ஆண்டில் பிறந்த திருச்சுழி அண்மையில்தான் உள்ளது. அவ்வூரை ஒட்டிச் செல்லும் குண்டாறு, ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். வழியெங்கும் சீமைக் கருவேல், இடையிடையே பனை, ஆங்காங்கே கரிமூட்டங்களிலிருந்து மெல்லெனக் கசியும் புகை. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விதைக்கும் மானாவாரி நிலம் இது. கரிசல் மண் அந்த மழையைக் குடித்து வைத்துக்கொண்டு, பின்பனிக் காலம்வரை பயிருக்குச் சிறுகச் சிறுகக் கொடுக்கிறது. உளுந்தும் பாசிப்பயறும் தட்டைப்பயறும் மொச்சையும், காணம் என்று தென்னாட்டார் அழைக்கும் கொள்ளும், இத்தகைய மண்ணின் பிள்ளைகள். அவை நீரை மிகுதியாகக் கேட்பதில்லை. வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள தழைச்சத்தை ஈர்த்துத் தாமும் வாழ்கின்றன. விளைந்த மண்ணுக்கும் சிறிது விட்டுச் செல்கின்றன. ஏழை நிலத்திற்கு ஆண்டவர் அளித்த கொடை என்றே இவற்றைச் சொல்ல வேண்டும்.

இனி, என் நெஞ்சின் பாரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வெளிநாட்டில் பணிபுரியும் என் உறவினர் ஒருவர், சென்ற ஆண்டு எனக்கு ஒரு ஸ்லோ குக்கர் கொண்டுவந்து கொடுத்தார். பீங்கான் பானையைச் சுற்றி மின்கம்பிச் சூடு. இரவில் பயறும் நீரும் இட்டுப் பொத்தானை அழுத்திவிட்டால் விடியும்போது வெந்திருக்கும். பங்கு இல்லத்தில் பாசிப்பயறு வேகவைத்துப் பார்த்தேன். மலரைப் போல் வெந்தது. உடனே எனக்கு உற்சாகம் பிறந்தது. தவக்காலத்து முதல் ஞாயிறன்று, மறையுரையின் முடிவில், “வேலைக்குச் செல்லும் தாய்மார்களே, நேரமில்லை என்று சொல்லிச் சுத்தபோசன நாளில் கடைப் பண்டம் வாங்க வேண்டாம், இரவில் பயற்றைப் போட்டுவிட்டுப் படுங்கள், காலையில் உணவு ஆயத்தமாயிருக்கும்” என்று அறிவித்தேன். ஒரு வார்த்தையை மட்டும் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, எங்கள் பங்கில் ஒரு குடும்பத்தில் தாயும் தந்தையும் இரு குழந்தைகளும் ஒருசேர நோயுற்றார்கள். காலை உணவு உண்டு இரண்டு மணி நேரத்திற்குள் கடும் குமட்டலும் வாந்தியும், பின்னர் வயிற்றுப்போக்கு. ஆறு வயதுச் சிறுவன் துவண்டுபோனான். மருத்துவமனைக்கு விரைந்தார்கள். ஆண்டவர் அருளால் மறுநாளே அனைவரும் தேறினார்கள். ஆனால் அந்தப் பரபரப்பில் ஒரு தீங்கு நிகழ்ந்துவிட்டது. உண்டது கிராமத்திலிருந்து மாமியார் அனுப்பிய மொச்சை. எனவே மொச்சையில்தான் ஏதோ கெடுதல் என்று மருமகள் எண்ணினாள். மகன் தொலைபேசியில் தாயை அழைத்து, “கெட்டுப்போன பயற்றை அனுப்பிப் பிள்ளைகளைக் கொல்லப் பார்த்தீர்களே” என்று சொல்லிவிட்டான். எஞ்சிய பயறு குப்பைத் தொட்டிக்குப் போயிற்று. அம்மூதாட்டி வாழ்ந்திருந்த ஊருக்குத்தான் நான் சென்றுகொண்டிருந்தேன்.

எம்.ரெட்டியபட்டியில் இறங்கி, அடுத்துள்ள சிற்றூருக்கு நடந்து சென்றேன். ஓட்டு வீடு, முற்றத்தில் வேப்பமரம். எழுபத்தெட்டு வயதான அந்தத் தாய், தூணைப் பிடித்து எழுந்து தோத்திரம் சொன்னார். ஒப்புரவு அருட்சாதனமும் நற்கருணையும் முடிந்தபின், நான் வந்த காரியத்தை எடுத்தேன். குற்றம் மொச்சையுடையதன்று, குடும்பத்திற்குத் தவறான வழி காட்டியவன் நான் என்று சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை.

“ஏஞ் சாமி, அந்த மின்சாரச் சட்டி தளதளன்னு கொதிக்குமா?” என்று கேட்டார்.

“கொதிக்காது பாட்டி. மெல்லச் சூடேறும், அவ்வளவுதான்” என்றேன்.

“கொதிக்காத சட்டியத் தணல்ல வச்சா, அது வேகாது சாமி, ஊறும். ஊறுன பயறு அப்புறம் வயித்துக்குள்ள போயில்ல கொதிக்கும்!”

மருத்துவர் எனக்கு அரைமணி நேரம் விளக்கியதை இம்மூதாட்டி இரு வாக்கியங்களில் சொல்லி முடித்தார். அவர் வீட்டுச் சமையலறையில் அன்று நான் கண்டதை, நம் குடும்பங்களின் பயன் கருதி அப்படியே எழுதுகிறேன்.

முந்தின இரவே மொச்சை ஊறவைக்கப்பட்டிருந்தது. ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, இரு முறை அலசினார். பிறகு மண்சட்டியில் இட்டு ஊருணித் தண்ணீர் ஊற்றினார். வாசலிலேயே அடிகுழாய் இருந்தும் அந்நீரை அவர் எடுக்கவில்லை. இவ்வூர்ப் பெண்கள் நல்ல தண்ணீருக்குச் சொல்லும் இலக்கணமே, ‘பருப்பு வேகும் தண்ணீர்’ என்பதுதான். நிலத்தடி நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து பயற்றின் தோலையும் சதையையும் இறுகச் செய்வதால், எவ்வளவு விறகு எரித்தாலும் அது குழைவதில்லை. மழைநீர் தேங்கும் ஊருணி நீரோ மென்மையானது.

கொடியடுப்பில் பருத்திமார் சடசடவென்று எரிந்தது. சட்டி பொங்கி நுரைத்தது. நுரையை அகப்பையால் வழித்து எறிந்தார். சிறிது நேரம் கொதித்ததும் அந்த முதல் தண்ணீரையும் வடித்துவிட்டு, பக்கத்து வாயில் சூடேறியிருந்த புதுநீரை ஊற்றினார். மீண்டும் கொதி. என் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். சட்டி தளதளவென்று கொதித்த நேரம் மட்டும் முப்பது நிமிடத்திற்கும் மேல். அதன் பின்னரே எரியும் மாரை வெளியே இழுத்து அணைத்தார். உள்ளே எஞ்சிய தணலில் இரண்டு கருவேலக் கரித்துண்டுகளை இட்டு, சாம்பலை ஓரத்தில் அணைத்து, சட்டியை மூடிவைத்தார். “முன்னெல்லாம் இப்பிடி வச்சுட்டுக் களையெடுக்கப் போயிருவோம் சாமி. உச்சிக்கு வந்தா வெந்திருக்கும்” என்றார்.

அன்றும் உச்சிப்பொழுதில் வெந்திருந்தது. விரலிடையே வைத்தால் நசுங்கியது. ஆனால் தோல் பிரியவில்லை. வெந்த பிறகே உப்பும், கரைத்த புளியும், அரைத்த மல்லியும் மிளகாயும் சேர்ந்தன. புளிப்பு முன்னரே சேர்ந்தால் பயறு விறைத்துக்கொள்ளும். சின்ன வெங்காயமும் பூண்டும் நல்லெண்ணெயில் தாளித்துக் கொட்டினார். கம்பஞ்சோற்றுடன் எனக்குப் பரிமாறினார். இறைச்சியோ மீனோ நினைவுக்கே வராத ஓர் உணவு அது.

இப்போது மருத்துவர் சொன்ன விளக்கத்தைக் கேளுங்கள். பச்சைப் பயறுகளில் லெக்டின் என்னும் ஒருவகைப் புரதம் உண்டு. சிவப்பு ராஜ்மாவில் இது மிக அதிகம். அதற்குப் பைட்டோஹீமக்ளூட்டினின் என்று பெயர். வேகாத ராஜ்மா விதைகள் நான்கைந்தே ஒருவரை நோயில் தள்ளப் போதும். ஒன்று முதல் மூன்று மணி நேரத்திற்குள் வாந்தி தொடங்கும். நன்றாகக் கொதிக்கும் நீரில், அதாவது 100 டிகிரி வெப்பத்தில், இந்நஞ்சு அழிந்துபோகிறது. ஆனால் ஸ்லோ குக்கரின் தாழ்ந்த சூட்டில் சில வேளைகளில் 75 அல்லது 80 டிகிரியை மட்டுமே பயறு எட்டுகிறது. அச்சூட்டில் நஞ்சு அழியாததோடு, பச்சை விதையில் இருந்ததைவிட ஐந்து மடங்குவரை வலுக்கவும் கூடும். விதை மென்மையாகிவிடுவதால் வெந்துவிட்டது என்று நாவும் கையும் ஏமாந்துபோகின்றன. எங்கள் பங்குக் குடும்பத்தில் நடந்ததும் இதுவே. மருமகள் சத்துக்காகக் கடையில் வாங்கிய ராஜ்மாவையும் மொச்சையோடு சேர்த்து, கொதிக்க வைக்காமலேயே பானையில் இட்டிருந்தாள். மாமியாரின் மொச்சைமீது விழுந்த பழி, உண்மையில் ராஜ்மாவுக்கும் என் அரைகுறை அறிவுரைக்கும் உரியது. ஆயினும் மொச்சையையும் ஊறவைத்து, நீரை வடித்து, நன்கு கொதிக்கவைத்தே உண்ண வேண்டும் என்பதை மறக்கலாகாது. பாசிப்பயறு இந்த வகையில் சாது. அதனால்தான் என் முதல் சோதனை எனக்கு ஆபத்தைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இந்த மின்சாரப் பானையின் பிறப்பு வரலாற்றைப் பின்னர் படித்தபோது, எனக்கு வியப்பு மேலிட்டது. அமெரிக்காவில் வாழ்ந்த இர்விங் நாக்சன் என்ற யூதர் இதற்கு 1940-ம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். லித்துவேனியா நாட்டின் வில்னா நகரில் தம் இளமைக் காலத்தில் நடந்த வழக்கத்தை அவருடைய தாய் அவருக்குச் சொல்லியிருந்தார். ஓய்வுநாளில் வீட்டில் தீ மூட்டலாகாது என்பது யாத்திராகமம் 35-ம் அதிகாரத்தில் உள்ள கட்டளை. ஆகவே பயறும் வாற்கோதுமையும், பெரும்பாலும் இறைச்சியும் சேர்ந்த சோலன்ட் என்னும் உணவுச் சட்டியை, வெள்ளி மாலை கதிரவன் மறையுமுன் ஊர் ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிடுவார்கள். அணைந்துவரும் அடுப்பின் சூட்டில் அது இரவெல்லாம் வெந்து, மறுநாள் தொழுகை முடிந்து வரும் குடும்பத்திற்கு உணவாகும். அந்த நினைவிலிருந்து பிறந்த பானையே, 1971-ம் ஆண்டில் கிராக்-பாட் என்ற பெயரோடு அமெரிக்க வீடுகளுக்கு விற்பனைக்கு வந்தது. ஒன்றைக் கவனியுங்கள்: ஓய்வுநாள் தொடங்குமுன்பே பண்டம் பாதியளவேனும் வெந்திருக்க வேண்டும் என்பது யூதரின் பொது மரபு. வில்னாவின் தாயும் எம்.ரெட்டியபட்டியின் தாயும் ஒருவரை ஒருவர் அறியார். ஆயினும் முதலில் கொதி, பிறகு தணல் என்ற ஒரே ஒழுங்கை இருவரும் காத்தார்கள். பானை மட்டுமே நம் கைக்கு வந்து சேர்ந்தது. அதனோடு வரவேண்டிய ஒழுங்கு வழியில் தவறிவிட்டது.

அன்புக்குரிய குடும்பங்களே, பயறு நம் வேதத்திற்கும் திருச்சபைக்கும் புதியதன்று. பாபிலோன் அரண்மனையில் தானியேலும் தோழர்களும் அரசனின் உணவை விலக்கி, பத்து நாட்கள் மரக்கறியே உண்டு, மற்றவர்களைவிடப் பொலிவோடு விளங்கினார்கள். ஒரு வேளைப் பயற்றங்கூழுக்காகத் தலைமகன் உரிமையை விற்ற ஏசாவையும் நாம் அறிவோம். அங்கே குற்றம் கூழினுடையதன்று, பொறுமையின்மையினுடையது. நம் மதுரை மறைத்தளத்தை எடுத்துக்கொண்டால், 1606-ம் ஆண்டில் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நோபிலி இறைச்சியை அறவே துறந்து, நாள் ஒன்றுக்கு ஒரு வேளை மரக்கறி உணவோடு வாழ்ந்தார். 1693-ம் ஆண்டு பிப்ரவரி 4-ம் நாள் ஓரியூரில் இரத்தம் சிந்திய புனித அருளானந்தரும் அதே வழியில் புலாலை நீக்கித் துறவியாய் வாழ்ந்தவர். இந்த மண்ணின் ஏழை உணவை அவர்கள் தங்கள் மறைப்பணியின் மொழியாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

இன்று நம்முடைய சுத்தபோசனம் எப்படி இருக்கிறது? 1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பின்படி, 14 வயது நிறைந்தவர்கள் சுத்தபோசனத்திற்கும், 18 வயது நிறைந்தது முதல் 59 வயது நிறையும்வரை உள்ளவர்கள் ஒருசந்திக்கும் கடமைப்பட்டவர்கள். சட்டத்தை நாம் காக்கிறோம். ஆனால் இறைச்சிக்குப் பதிலாக எண்ணெயில் பொரித்த கடைப் பண்டங்களை வாங்கி, வழக்கத்தைவிட அதிகமாகச் செலவிடுகிறோம். பயறோ மலிவானது, உடலுக்கும் நல்லது. உலர்ந்த பயறு 100 கிராமில் ஏறத்தாழ 20 முதல் 24 கிராம்வரை புரதம் உண்டு. அரிசியில் 7 அல்லது 8 கிராம்தான். தானியத்தில் குறைவாயுள்ள சத்தைப் பயறும், பயற்றில் குறைவாயுள்ளதைத் தானியமும் நிறைவு செய்கின்றன. எனவே கம்பஞ்சோறும் மொச்சைக் குழம்பும் ஒரு தட்டில் சேர்ந்தது தற்செயலன்று. சோற்றைப் போல் இரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாமல், பயறு மெல்லவே செரிக்கிறது. இரும்புச்சத்து குறைந்த பெண்கள், பயற்றுணவோடு சிறிது எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் அச்சத்து உடலில் நன்கு சேரும். உண்டவுடன் தேநீர் அருந்தினால் அது தடைப்படும்.

ஆகவே நான் மறையுரை மேடையில் சொல்லத் தவறியதை இங்கே முழுமையாகச் சொல்லிவிடுகிறேன். ராஜ்மா, மொச்சை, தட்டைப்பயறு போன்றவற்றை இரவு முழுவதும், குறைந்தது 5 மணி நேரமாவது, ஊறவையுங்கள். அந்நீரைக் கொட்டிவிடுங்கள், வயிற்றில் காற்றை உண்டாக்கும் சர்க்கரைகள் சிலவும் அதோடு போய்விடும். புதுநீர் ஊற்றி, அடுப்பில் தளதளவென்று கொதிக்க விடுங்கள். ராஜ்மாவின் நஞ்சு அழிய 10 நிமிடக் கொதி போதும் என்றாலும், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 30 நிமிடம் கொதிக்கவிடச் சொல்கிறது. நாமும் அரைமணியையே கணக்காகக் கொள்வோம். அதன்பின் ஸ்லோ குக்கரிலோ, தணலிலோ, துணியும் சாக்கும் சுற்றிய பெட்டியிலோ வைத்து மெல்ல வேகவிடலாம். பெட்டியில் வைத்ததை உண்ணுமுன் மீண்டும் ஒருமுறை கொதிக்க வையுங்கள். வெதுவெதுப்பாக நெடுநேரம் விட்டுவைக்காதீர்கள். அவசரமுள்ளவர்களுக்குப் பிரஷர் குக்கர் இருக்கவே இருக்கிறது. அதனுள் வெப்பம் 120 டிகிரியை நெருங்குவதால் இந்த ஆபத்து இல்லை. கொதித்த சட்டிக்கு மேலும் மேலும் விறகிட்டாலும் நீர் 100 டிகிரிக்குமேல் சூடாவதில்லை, விறகுதான் வீணாகிறது. அதனால்தான் நம் முன்னோர் கொதி கண்டபின் தணலை நம்பினார்கள்.

ஆன்மாவுக்கும் இதே ஒழுங்குதான் போலும். சாம்பல் புதனன்று உள்ளம் பொங்கிக் கொதிக்க வேண்டும். நுரையெல்லாம் வழித்தெறியப்பட வேண்டும். பிறகு நாற்பது நாளும் ஆரவாரமின்றித் தணலில் இருக்க வேண்டும். கொதிக்காமலே தணலில் அமர்ந்த பக்தி மென்மையாகத் தோன்றும். ஆனால் உள்ளிருக்கும் நஞ்சு அழிந்திராது.

அன்று நான் விடைபெறும்போது, “பாட்டி, மகன்மேல் வருத்தம் வேண்டாம். பிழை என்னுடையது” என்று மறுபடியும் சொன்னேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பிள்ளைக வாந்தியெடுத்தா யாருக்குத்தான் புத்தி நிக்கும் சாமி? அவன் பயந்து போயிப் பேசிட்டான். அந்தப் புள்ளைய ஒரு தடவ இங்கிட்டு வரச் சொல்லுங்க. கொதி பாக்கச் சொல்லித் தாரேன்” என்றார். மருமகளைத்தான் ‘அந்தப் புள்ள’ என்றார். சாம்பலும் வேப்பிலையும் கலந்து பானையில் சேமித்திருந்த மொச்சையிலிருந்து, இரண்டு படி அளந்து என் பையில் கட்டிக்கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு திருப்பலியில், நான் முன்பு சொன்ன அறிவுரையில் இருந்த பிழையை மக்கள் அனைவர்முன்னும் ஒப்புக்கொண்டு திருத்தினேன். அம்மருமகள் முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருந்தாள். பூசை முடிந்ததும் மொச்சைப் பையை அவளிடம் கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டாள். குருத்து ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை, அவளும் கணவனும் குழந்தைகளும் எம்.ரெட்டியபட்டிப் பேருந்தில் ஏறியதாகக் கேள்விப்பட்டேன்.

பெரிய வெள்ளியன்று நண்பகல், அந்த ஆறு வயதுச் சிறுவன் ஒரு தூக்குச்சட்டியைச் சுமந்துகொண்டு பங்கு இல்லத்திற்கு வந்தான். “சாமி, அம்மா குடுக்கச் சொன்னாங்க. அப்பத்தா சொன்ன மாதிரி அரைமணி நேரம் கொதிச்சிச்சு, நான்தான் கடிகாரம் பாத்தேன்” என்றான்.

சிலுவைப்பாதை முடிந்து வந்து, அன்றைய ஒரே உணவாக அதை உண்டேன். பயறு நன்றாக வெந்திருந்தது.